இறுக்கச் சுருள்முடிக்கு எது ஏற்றது: ரிலாக்சரா, சூடா, பின்னலா, சடையா?

ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண் ஒருவர், ஜோகன்னஸ்பர்க்கில் இருந்தாலும் சிகாகோவில் இருந்தாலும் லண்டனில் இருந்தாலும், தம் தலைமுடியைப் பற்றி எடுக்க வேண்டிய முடிவு ஏறத்தாழ ஒன்றுதான். ரிலாக்சர் என்ற ரசாயனக் களிம்பு பூசி நிரந்தரமாக நேராக நீட்டிக்கொள்வதா, சூடு வைத்து அவ்வப்போது நீட்டிக்கொள்வதா, செயற்கை முடி சேர்த்துப் பின்னிக்கொள்வதா, கயிறு கயிறாகத் திரியும் சடையாக (ட்ரெட்லாக்ஸ்) திரளவிடுவதா, இவை எதுவும் வேண்டாமென்று உள்ளதை உள்ளபடியே பராமரிப்பதா என்பதே அந்த முடிவு. பெரும்பாலோர் இந்த ஐந்தையும் தோற்றம், செலவு, நேரம் ஆகிய மூன்றை வைத்தே எடைபோடுகிறார்கள். நான்காவதாக ஒன்றைச் சேர்த்து, அதையே முதலில் வைக்க விரும்புகிறேன்: ஒரு வழியால் கேடு வருமானால், அது முடியின் தண்டில் வருமா, தோலுக்குள் இருக்கும் மயிர்க்காலில் வருமா? தண்டு உயிரற்றது, கெட்ட பகுதியை வெட்டிவிட்டால் புதிது வளர்ந்துவிடும். மயிர்க்கால் தழும்பாகிவிட்டால் அந்த இடத்தில் முடி மீண்டும் முளைக்காது. விளம்பரங்களும் அழகு நிலையங்களும் தண்டைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் இந்த வேறுபாடு பலருக்குத் தாமதமாகவே தெரிய வருகிறது.

முதலில் இந்த முடியின் இயல்பைப் பார்த்துவிடலாம். நேரான முடி வளரும் மயிர்க்கால் ஏறக்குறைய நேராக இருக்கும். இறுக்கச் சுருள்முடி வளரும் மயிர்க்காலோ தோலுக்குள்ளேயே வளைந்திருக்கும். முடியின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் தட்டையான நீள்வட்டமாக இருக்கும். முறுக்கிய நாடாவைப் போல அது தன்னைத்தானே திருகிக்கொண்டு வளர்கிறது. அப்படித் திரும்பும் ஒவ்வோர் இடமும் இழுவிசையைத் தாங்கும் வலு குறைந்த இடம். கெரட்டின் என்ற புரதத்தைப் பொறுத்தவரை இதற்கும் பிற முடிகளுக்கும் வேறுபாடு இல்லை. ஆகவே, இது தரம் குறைந்த முடி அன்று. வடிவத்தின் காரணமாக எளிதில் முறியும் முடி. தலையில் சுரக்கும் எண்ணெய்ப் பசை நேரான முடியில் வழிந்து நுனிவரை போய்விடும். இங்கே திருப்பத்துக்குத் திருப்பம் தடைபட்டு அடிப்பகுதியிலேயே தங்கிவிடுகிறது. உச்சந்தலையில் பிசுக்கும் நுனியில் வறட்சியும் ஒரே தலையில் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

“எனக்கு முடியே வளர்வதில்லை” என்ற குறையை இந்த முடி உள்ளவர்களிடம் அடிக்கடிக் கேட்கலாம். வளர்ச்சி சற்று மெதுவானது என்பது உண்மைதான். 2001-இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் ஆப்பிரிக்கர் முடி நாளொன்றுக்குச் சராசரியாக 0.26 மில்லிமீட்டரும் வெள்ளையர் முடி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டரும் வளர்வதாகக் கணக்கிட்டார்கள். மெதுவான இந்த வேகத்திலும் ஆண்டுக்கு 9 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தாக வேண்டும். நான்கைந்து ஆண்டுகளாக வெட்டாத முடியும் தோளைத் தொடவில்லை என்றால், வேரில் வளர்வது நுனியில் முறிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நுண்ணோக்கியில் பார்த்தவர்களும் இதையே கண்டார்கள்: நுனிகளில் பெரும்பாலானவை முறிந்த நுனிகள், இடையிடையே ஒற்றை முடி தன்னைத்தானே சுற்றிப் போட்டுக்கொண்ட முடிச்சுகள். ஆகவே, நீளம் வேண்டும் என்பவர் தேட வேண்டியது வளர்ச்சித் தைலத்தை அன்று, முறிவைக் குறைக்கும் வழியை. இதனுடன் சுருக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இழுத்துப் பிடித்தால் 30 சென்டிமீட்டர் வரும் முடி, உலர்ந்து சுருண்டதும் 10 சென்டிமீட்டராகத் தோன்றுவது இயல்பே.

இந்த வடிவம் இயற்கையின் பிழையும் அன்று. மனிதவியல் ஆய்வாளர் டினா லசிசியும் அவருடைய குழுவினரும் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், வெப்பத்தை அளக்கும் பொம்மை ஒன்றுக்கு நேர்முடி, சுருள்முடி, இறுக்கச் சுருள்முடி ஆகிய பொய்முடிகளை மாற்றி மாற்றி அணிவித்து, விளக்கொளியையே வெயிலாக்கிச் சோதித்தார்கள். எந்த முடியும் ஓரளவு வெப்பத்தைத் தடுத்தது. இறுக்கச் சுருளே அதிகம் தடுத்தது. மூளை சூடேறாமலும் வியர்வையாக நீர் வீணாகாமலும் காக்கும் கூரை அது.

முடிவெடுக்கும்போது நினைவில் வைக்க வேண்டிய வேதியியல் இரண்டு பிணைப்புகளைப் பற்றியது. முடியின் வடிவத்தைப் பிடித்துவைத்திருப்பவற்றில் ஹைட்ரஜன் பிணைப்புகள் மெலிந்தவை. நீரும் சூடும் பட்டால் விலகி, உலர்ந்ததும் மீண்டும் சேர்ந்துகொள்ளும். டைசல்பைடு பிணைப்புகள் வலியவை; கடுமையான ரசாயனமே அவற்றைப் பிரிக்கும். சூட்டால் நீட்டிய முடி மழைச்சாரலில் சுருண்டுவிடுவதற்கும், ரிலாக்சரால் நீட்டிய முடி ஆயுள் முழுவதும் நேராகவே இருப்பதற்கும் விளக்கம் இதில் அடங்கியிருக்கிறது.

ரிலாக்சரின் கதை நூறாண்டைத் தாண்டியது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் தையல் பட்டறை வைத்திருந்த காரெட் மார்கன், வேகமாக ஓடும் ஊசியின் சூட்டைத் தணிக்க ஒரு திரவம் தயாரிக்கப்போய், அது கம்பளி இழைகளை நீட்டிவிடுவதைக் கவனித்து, முடி நீட்டும் களிம்பாக மாற்றினார் என்று சொல்லப்படுவதுண்டு; 1913-இல் அதை விற்க நிறுவனமும் தொடங்கினார். போக்குவரத்து சமிக்ஞைக் கருவி ஒன்றுக்கு 1923-இல் காப்புரிமை பெற்றவரும் அவரே. இன்றைய ரிலாக்சர்களில் சோடியம் ஹைட்ராக்சைடு (காஸ்டிக் சோடா) இருக்கும். அல்லது கால்சியம் ஹைட்ராக்சைடையும் குவானிடின் கார்பனேட்டையும் பயன்படுத்தும் நேரத்தில் கலப்பதால் உருவாகும் குவானிடின் ஹைட்ராக்சைடு இருக்கும். இரண்டாவது வகையை “காஸ்டிக் இல்லாதது” என்று சொல்லி மென்மையானதைப் போல விற்கிறார்கள். அதன் காரத்தன்மையும் பிஎச் அளவில் 12-க்கு மேலேதான். தலைத்தோலை அது சற்றுக் குறைவாக எரிக்கலாம். ஆனால் கால்சியம் படிவதால் முடியை அதிகமாக வறளச் செய்யும். காரம் டைசல்பைடு பிணைப்பிலிருந்து ஒரு கந்தக அணுவைப் பறித்துவிடுகிறது. மீதமிருப்பது லாந்தியோனின் என்ற வேறொரு பிணைப்பு. அதைப் பழையபடி ஆக்க எந்தக் கண்டிஷனராலும் இயலாது.

பூசும் விதத்தைக் கவனித்தாலே இதன் கடுமை புரியும். முதலில் நெற்றியோரம், காதுமடல், பிடரி, தலையின் வகிடுகள் என எல்லா இடத்திலும் வாசலின் தடவப்படும். கையுறை அணிந்தவர் பின்தலையிலிருந்து தொடங்கி, புதிதாக வளர்ந்த பகுதியில் மட்டும் களிம்பைத் தடவி, சீப்பின் முதுகால் நீவிக்கொண்டே வருவார். பெட்டியில் குறித்த நிமிடங்களைத் தாண்டக் கூடாது. நடுவே எரிச்சல் எடுத்தால் உடனே கழுவிவிட வேண்டும். “இன்னும் கொஞ்சம் பொறுத்தால் நன்றாக நேராகிவிடும்” என்று பொறுத்தவர்களின் தலையில்தான் கொப்புளமும் பொருக்கும் காணப்படும். கழுவிய பிறகு போடும் நடுநிலையாக்கும் ஷாம்புவின் நுரை, காரம் மிச்சமிருந்தால் இளஞ்சிவப்பாக மாறும் வகையில் பல நிறுவனங்கள் நிறங்காட்டி சேர்த்திருக்கின்றன. நுரை வெள்ளையாக வரும்வரை அலச வேண்டும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை புது வளர்ச்சிக்கு இதைத் திரும்பச் செய்தாக வேண்டும். களிம்பு பழைய பகுதியின் மேலும் படிந்தால், ஏற்கெனவே வலுவிழந்த தண்டு அந்த எல்லைக் கோட்டிலேயே முறியும். இன்னொரு பொறி, தையோகிளைக்கோலேட்டு வகை நீட்டல். ஹைட்ராக்சைடு பட்ட முடியில் அதைப் போட்டால் முடி கொத்தாகக் கையோடு வந்துவிடும். முன்பு எது போட்டோம் என்று தெரியாமல் புதிய கடைக்குப் போவதன் ஆபத்து இது.

இவ்வளவும் பெரும்பாலும் தண்டுக்கான கேடு. உடலுக்கான கேடு பற்றிய கேள்வியை 2022-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று எழுப்பியது. 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் பின்தொடர்ந்த அந்த ஆய்வில் 378 பேருக்குக் கருப்பைப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. முடி நீட்டும் பொருள்களை ஒருபோதும் பயன்படுத்தாதவர்களுக்கு 70 வயதுக்குள் அந்நோய் வரும் வாய்ப்பு 1.64 விழுக்காடு, ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 4.05 விழுக்காடு. அடுத்த ஆண்டில் கறுப்பினப் பெண்களை மட்டும் கொண்டு பாஸ்டனிலிருந்து வெளியான பெரிய ஆய்வு, நீண்ட காலம் மிகுதியாக ரிலாக்சர் பயன்படுத்தியவர்களில் மாதவிடாய் நின்ற பிறகு அபாயம் கூடுவதையும், அதற்கு முந்தைய வயதினரிடம் அப்படித் தொடர்பு தெரியாததையும் சொன்னது. இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள். காரணத்தை நிறுவுபவை அல்ல. முதல் ஆய்வில் எந்தப் பொருள், அதில் என்ன சேர்மானம் என்ற விவரம் திரட்டப்படவும் இல்லை. ஆனாலும், எப்போதோ ஒருமுறை போடுபவருக்கும் எட்டு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் போடுபவருக்கும் கணக்கு வேறு என்பதை இந்த எண்களிலிருந்து எடுத்துக்கொள்வது மிகையாகாது. சிறுமிகளுக்கு ரிலாக்சர் போடுவதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன். ஐந்து வயதில் தொடங்குகிறவர் இந்தக் காரத்துடன் கழிக்கும் ஆண்டுகளின் எண்ணிக்கையே போதுமான எதிர்வாதம்.

ரிலாக்சரை விட்டவர்கள் பலர் “கெரட்டின்” சிகிச்சைக்குப் போகிறார்கள். அது வேறு பொருள், வேறு ஆபத்து. பெயரில் கெரட்டின் இருந்தாலும் வேலை செய்வது பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு, அல்லது சூட்டில் ஃபார்மால்டிஹைடாக மாறும் மெத்திலீன் கிளைக்கால். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நீட்டும் கருவியின் சூட்டில் கிளம்பும் ஆவியை நாள்தோறும் சுவாசிப்பவர் வாடிக்கையாளரைவிட அழகு நிலையப் பணியாளரே. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இதை முடி நீட்டும் பொருள்களில் தடைசெய்யும் யோசனையை 2023-இல் அறிவித்தது. குறித்த காலக்கெடு கடந்தும் அந்த விதி வராமல் தள்ளிப்போனது. “ஃபார்மால்டிஹைடு இல்லை” என்று விற்கப்படும் மாற்றுகளில் பல கிளையாக்சிலிக் அமிலத்தைக் கொண்டவை. 26 வயதுப் பெண் ஒருவர் இத்தகைய சிகிச்சையை மூன்று முறை செய்துகொண்டபோது மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை பிரான்ஸ் மருத்துவர்கள் 2024-இல் மருத்துவ இதழில் பதிவுசெய்தார்கள். தோல் வழியே புகுந்த அமிலம் ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரகத்தில் படிகமாகியிருக்க வேண்டும் என்பது அவர்கள் விளக்கம். சென்னையிலும் கொழும்பிலும் அழகு நிலையங்களில் கெரட்டின் சிகிச்சை தாராளமாகச் செய்யப்படுவதால், ஆப்பிரிக்கச் சுருள்முடி இல்லாத நம் வாசகரும் இந்த ஒரு பத்தியைத் தமக்காகவே எழுதியதாக எடுத்துக்கொள்ளலாம்.

சூடு வைத்து நீட்டுவது பழைய வழி. அடுப்பில் காய்ச்சிய உலோகச் சீப்பை மேடம் சி. ஜே. வாக்கர் கண்டுபிடித்ததாகப் பலரும் எழுதுகிறார்கள். 1867-இல் பிறந்த அவர், ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததைப் பரவலாக்கியவர்களுள் ஒருவர் மட்டுமே. இன்று அதன் இடத்தை மின்சாரத் தட்டைக் கருவி பிடித்துவிட்டது. இதன் நன்மை, ஹைட்ரஜன் பிணைப்புகளை மட்டும் விலக்குவதால் தலையை நனைத்ததும் சுருள் திரும்பிவிடும் என்பது. இந்த வாக்குறுதி சூட்டின் அளவைப் பொறுத்தது. 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கெரட்டினின் அமைப்பே குலையத் தொடங்கும். அதன் பிறகு நனைத்தாலும் சில கற்றைகள் மட்டும் தொங்கிக்கொண்டே நிற்கும். ஈரம் முழுவதும் போகாத முடியில் கருவியை வைத்தால் உள்ளிருக்கும் நீர் கொதித்துத் தண்டுக்குள் குமிழிகள் உண்டாகி அந்த இடத்தில் முறியும். “உஸ்” என்ற ஓசையும் ஆவியும் எழுந்தால், அது அழகுபடுத்தும் ஓசை அன்று. லேகோஸ், டர்பன் போன்ற கடலோர ஊர்களில் புழுக்கம் மிகுந்த நாளில் நீட்டிய முடி மாலைக்குள் அடியிலிருந்து உப்பத் தொடங்கிவிடுவதால், மறுபடியும் மறுபடியும் சூடு வைக்கும் சபலம் எழும். கேட்டின் பெரும்பங்கு அந்தச் சபலத்தால் வருவது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, திருமணத்துக்கோ நுனி வெட்டுவதற்கோ, நன்கு உலர்த்திய முடியில் ஒரே இழுப்பில் நீட்டிக்கொள்பவருக்கு இது தவறான தேர்வு அன்று. வாரந்தோறும் என்றால் தவறு.

பின்னலுக்கு வருவோம். சீப்பு தினமும் படாததாலும், நுனிகள் உள்ளே அடங்கிவிடுவதாலும், பின்னல் முறிவைக் குறைக்கும். காலையில் தலைவாரும் வேலையும் இல்லை. ஆகவேதான் இதற்குக் “காக்கும் அலங்காரம்” என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். பெயர் பொருந்துவது இறுக்கம் இல்லாதபோது மட்டும். தொடர்ந்து இழுபடும் மயிர்க்கால் முதலில் வீங்கும், பிறகு மெல்லிய முடியைத் தரும், இறுதியில் தழும்பாகும். நெற்றியோரத்திலும் காதுக்கு முன்னும் முடி ஏறிக்கொண்டே போகும் இந்த இழுவை வழுக்கையைக் கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் நொன்லாந்லா குமாலோவும் உடன் ஆய்வாளர்களும் விரிவாக அளந்திருக்கிறார்கள். பள்ளிச் சிறுமிகளில் 17.1 விழுக்காட்டினரிடமும் வயது வந்த பெண்களில் 31.7 விழுக்காட்டினரிடமும் அது காணப்பட்டது, ஆண்களில் 2.2 விழுக்காடு மட்டுமே. அந்த ஆய்வுகளின் மிக முக்கியமான செய்தி இன்னொன்று: ரிலாக்சர் போட்ட முடியில் இழுத்துப் பின்னியவர்களுக்கே அபாயம் மிகுதி. ஐந்து வழிகளையும் தனித்தனியே ஒப்பிடும் இந்தக் கட்டுரையில், இரண்டைச் சேர்ப்பதால் வரும் இந்தக் கேடுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரியதாகப் படுகிறது. நடைமுறையில் பரவலான வழக்கமும் அதுவே.

இறுக்கத்தைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. பின்னி முடித்த அன்று இரவு தலையணையில் சாய முடியவில்லை, புருவத்தை உயர்த்தினால் நெற்றி வலிக்கிறது, பின்னலின் அடியில் தோல் கூடாரமாகத் தூக்கி நிற்கிறது, மறுநாள் வரிசையாகச் சிறு வெண்கொப்புளங்கள் எழுகின்றன என்றால், அந்தப் பின்னலை அவிழ்த்துவிட வேண்டும். “இரண்டு நாளில் தளர்ந்துவிடும்” என்ற ஆறுதலை ஏற்கக் கூடாது. நெற்றியோரத்தின் மெல்லிய முடியைப் பின்னலில் சேர்க்காமல் விடச் சொல்வதும், பின்னல்களைப் பருமனாகவும் குட்டையாகவும் போடச் சொல்வதும் வாடிக்கையாளரின் உரிமை. சேர்க்கும் முடியின் எடையும் இழுவையே. பெரும்பாலும் சேர்க்கப்படுவது கனேகலான் போன்ற செயற்கை இழை. அமெரிக்காவின் கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 2025-இல் சோதித்த செயற்கைப் பின்னல் முடிகளில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களையும் பெரும்பாலானவற்றில் ஈயத்தையும் கண்டது. மனித முடி என்றால் விலை பல மடங்கு. உலகச் சந்தைக்குப் போகும் மனித முடியில் கணிசமான பங்கு திருப்பதி போன்ற கோயில்களில் முடிகாணிக்கையாக இறக்கப்பட்டு ஏலம் போனது என்பது இந்த வணிகத்தில் நமக்குள்ள நேரடித் தொடர்பு.

பின்னலை இரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். அவிழ்க்கும் நாளில் கைநிறைய முடி வருவதைக் கண்டு பலர் பதறுவார்கள். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் இயல்பு. ஆறு வாரம் உதிர முடியாமல் பின்னலுக்குள் சிக்கியிருந்தது மொத்தமாக வெளியே வருகிறது, அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது வேறொன்று. பின்னலின் அடியில் எண்ணெயும் தூசியும் பொடுகும் சேர்ந்து சாம்பல் நிற வளையமாகத் திரண்டிருக்கும். அதை உலர்ந்த நிலையிலேயே கண்டிஷனர் அல்லது எண்ணெய் தொட்டு விரலால் பிரித்தெடுத்துவிட்டுத்தான் தலையில் நீர் விட வேண்டும். அப்படியே ஷாம்பு போட்டால் அந்த வளையம் உதிர்ந்த முடியையும் சேர்த்துக்கொண்டு கத்தரியால் மட்டுமே தீரும் சிக்காக இறுகிவிடும்.

சடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் அதன் கணக்கு தெளிவானது. உதிர்ந்த முடியும் உள்ளேயே நின்றுவிடுவதாலும் சீப்பே படாததாலும், முறியும் முடியும் நீளத்தை இழப்பதில்லை. இடுப்புவரை சடை வளர்த்தவர்களைப் பார்த்தால் இந்த முடி வளராது என்ற பேச்சு அடங்கிவிடும். முதிர்ந்து இறுகச் சில மாதங்களிலிருந்து ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். குறைகள் நான்கு: பிடிக்காவிட்டால் பெரும்பாலும் வெட்டத்தான் வேண்டும், கெட்டியான மெழுகும் களிம்பும் உள்ளே படிந்தால் வெளியேற்றுவது கடினம், ஈரம் சரியாக உலராவிட்டால் வாடை வரும், அடியை மாதத்துக்குப் பல முறை முறுக்கிக்கொண்டே இருந்தால் பின்னலின் இழுவைக் கேடு இங்கும் வரும். சடைக்கு அழுக்கு என்ற பெயர் வந்ததற்குச் சடை காரணமில்லை. ஒழுங்காக அலசப்படும் சடை சுத்தமானதே.

கடைசி வழி, எதுவும் சேர்க்காமல், எதையும் மாற்றாமல் வைத்துக்கொள்வது. மயிர்க்காலுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. தண்டுக்கு இதைவிடப் பொறுமை தேவைப்படும் வழியும் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தலை அலசுவது போதும் என்பதே அமெரிக்கத் தோல்நோய் மருத்துவர் சங்கம் இந்த முடிக்குத் தரும் பரிந்துரை. அந்த நாளில் பாதி போய்விடும் என்பதையும் மறைக்கக் கூடாது. முடியை நான்கு அல்லது எட்டுப் பகுதிகளாகப் பிரித்துக் கவ்விகளால் நிறுத்திக்கொண்டு, ஒரு பகுதியை மட்டும் அவிழ்த்து, நீரும் கண்டிஷனரும் வழுக்கும் அளவுக்கு ஏற்றி, முதலில் விரலாலும் பிறகு அகலப் பல் சீப்பாலும் நுனியிலிருந்து அடி நோக்கிச் சிக்கு எடுக்க வேண்டும். சீப்பு நின்றால் இழுக்காமல், நின்ற இடத்துக்கு மேலே முடியைப் பிடித்துக்கொண்டு சிக்கை மட்டும் கிழித்துப் பிரிக்க வேண்டும். ஒரு பகுதி முடிந்ததும் இரண்டு புரியாக முறுக்கி ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். “ஈரத் தலையில் சீப்பு வைக்காதே” என்று நம் வீடுகளில் சொல்வது நேரான முடிக்கும் அலைமுடிக்கும் பொருந்தும் அறிவுரை. இறுக்கச் சுருளில் அளந்து பார்த்தபோது, உலர்ந்த முடியை வாருவதற்கே அதிக விசை தேவைப்பட்டது. நனைந்த முடி எளிதாக வாரப்படுகிறது, குறைவாக முறிகிறது.

எண்ணெய் பற்றி ஒரு தவறான எண்ணம் ஆப்பிரிக்கக் குடும்பங்களிலும் நம் குடும்பங்களிலும் ஒன்றுபோல இருக்கிறது. எண்ணெய் ஈரம் தருவதில்லை. இருக்கும் ஈரத்தைப் போகவிடாமல் மூடுகிறது. ஆகவே நீரோ நீர் கலந்த களிம்போ முதலில், ஷியா வெண்ணெய் போன்ற கொழுப்பு அதன் மேல். வறண்ட முடியின் மேல் வாசலினைப் பூசினால் வறட்சியைத்தான் பூட்டி வைக்கிறோம். தேங்காயெண்ணெய் ஒரு விதிவிலக்கு; மும்பையில் செய்து 2003-இல் வெளியான ஆய்வு, அது தண்டுக்குள் புகுந்து அலசும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைப்பதாகவும், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அப்படிச் செய்வதில்லை என்றும் காட்டியது. எனவே அலசுவதற்கு முன் அதைத் தண்டில் தடவிக்கொள்வதில் பொருளுண்டு. தலைத்தோலில் ஊற்றித் தேய்ப்பதில் இல்லை. பொடுகு இருந்தால் எண்ணெய் அதை வளர்க்கும் பூஞ்சைக்கே உணவாகும். அப்போது தேவை மருந்து ஷாம்பு. சாட் நாட்டுப் பெண்கள் சேபே என்ற மூலிகைப் பொடியை எண்ணெயில் குழைத்து முடித்தண்டில் பூசிப் பின்னி வைக்கும் வழக்கத்திலும், பொடி தோலில் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. அவர்கள் முடி நீளமாக இருப்பதற்குப் பொடியைவிட, பூசிய முடியைச் சீப்பு தொடாமல் நாள்கணக்கில் பின்னலில் விட்டுவைப்பதே பெரிய காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தத் தேர்வைத் தனிமனித விருப்பமாக மட்டும் பேசுவது நியாயமாகாது. இயற்கையான முடியுடன் போனால் வேலை கிடைக்காது, பள்ளியில் திட்டுவார்கள் என்ற நிலை இருக்கும்வரை ரிலாக்சர் போட்டவரைக் குறை சொல்ல யாருக்கும் தகுதியில்லை. 2016-இல் பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப் பள்ளி மாணவியர், தங்கள் முடியை நேராக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதாகக் கூறிப் போராடினார்கள். 2019-இல் கலிபோர்னியா, முடியின் இயல்பையும் பின்னல், சடை போன்ற அலங்காரங்களையும் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடைசெய்த முதல் அமெரிக்க மாநிலமானது. அத்தகைய சட்டம் இல்லாத ஊரில் நேர்முகத் தேர்வுக்குப் போகும் பெண், ரிலாக்சருக்குப் பதில் அந்த ஒரு நாளுக்குச் சூட்டால் நீட்டிக்கொள்வதோ நன்கு பொருந்தும் விக் அணிவதோ குறைந்த கேட்டுடன் முடியும் சமரசம்.

யாருக்கு எது என்று கேட்டால் என் விடை இப்படி அமையும். பத்து வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு, பருமனான தளர்ந்த பின்னல்கள், செயற்கை முடி சேர்க்காமல். வாரத்தில் அரை நாள் ஒதுக்க முடிந்தவருக்கு இயற்கையான முடி, பெரும்பாலான நாள்களில் இரண்டு புரி முறுக்கில். நேரமே இல்லாதவருக்கும் நாள்தோறும் நீந்துபவருக்கும் குட்டையாக வெட்டிக்கொள்வதே சிறந்தது; ஆண்கள் மட்டும் பிடரியைச் சவரக்கத்தியால் ஒட்ட மழிப்பதைத் தவிர்த்தால் அங்கே வரும் தழும்புக் கட்டிகளிலிருந்து தப்பலாம். நீளமே குறிக்கோள் என்பவருக்குச் சடை. ரிலாக்சரை விட முடியாதவர் இடைவெளியைப் பன்னிரண்டு வாரமாக்கி, இடையில் பின்னல் போடாமல் இருந்தால் அதுவே பெரிய முன்னேற்றம். முழுவதும் விட நினைப்பவர், ரிலாக்சர் பட்ட பகுதியை ஒரே நாளில் வெட்டிவிடலாம். மனம் வராவிட்டால் புது வளர்ச்சி வர வரச் சிறிது சிறிதாக வெட்டலாம். இரண்டாவது வழியில் சுருளும் நேரும் சேரும் எல்லைக்கோடு முறிந்துகொண்டே இருக்கும் என்பதால் ஓராண்டுக்கு மேல் அதை இழுத்துக்கொண்டு போவதில் பலன் குறைவு.

எந்த வழியைத் தேர்ந்தாலும் உச்சந்தலையின் நடுப்பகுதியை மாதம் ஒருமுறை யாரையாவது வகிடு பிரித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். சொந்தக் கண்ணுக்கு அது தெரியாது. அங்கே தொடங்கி வட்டமாக விரியும் தழும்பு வழுக்கை ஒன்று ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. அதற்கு ரிலாக்சரும் பின்னலும் மட்டும் காரணமல்ல. முடித்தண்டு உருவாக்கத்தில் பங்குள்ள பிஏடிஐ3 என்ற மரபணுவின் மாற்றங்கள் சிலரிடம் இருப்பதை 2019-இல் கண்டறிந்தார்கள். தாய்க்கோ அக்காவுக்கோ இருந்தால் கூடுதல் கவனம் தேவை. உச்சியில் அரிப்பு, தொட்டால் வலி, முடி மட்டும் அடியோடு குட்டையாக முறிந்து நிற்பது, தோல் வழவழப்பாக மின்னுவது ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அடுத்த அலங்காரத்துக்கு முன்பதிவு செய்யாமல், பின்னலையோ விக்கையோ அகற்றிவிட்டுத் தோல் மருத்துவரிடம் போக வேண்டும்; அழற்சி நிலையிலேயே மருந்து தொடங்கினால் மீதமுள்ள மயிர்க்கால்களைக் காப்பாற்ற முடியும்.